‘அண்ட் த ரெஸ்ட்’: டைட்டில் பாட்டில் பெயர் விடுபட்ட இருவர்

‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் தீவில் மாட்டிக்கொண்டவர்கள் ஏழு பேர். முதல் சீசனின் டைட்டில் பாட்டு அவர்களில் ஐந்து பேரை ஆள் அடையாளம் சொல்லி வரிசையாக அழைக்கும்: கில்லிகன், ஸ்கிப்பர் (படகின் தலைவர்), கோடீஸ்வரர், அவர் மனைவி, சினிமா நடிகை. அதற்கப்புறம் ‘அண்ட் த ரெஸ்ட்’, அதாவது மிச்சப் பேரும் என்று சொல்லி முடித்துவிடும். மிச்சம் இருந்ததே இரண்டு பேர்தான்: புரொஃபசரும் மேரி ஆனும். 1965 செப்டம்பரில் இரண்டாவது சீசன் தொடங்கியபோது பாட்டைத் திருத்தினார்கள். இருவர் பெயரும் ஏறியது. அமெரிக்காவில் இன்றைக்கும் பரவலாகப் பாடப்படுவது இந்தத் திருத்திய வடிவம்தான். முதல் வடிவத்தைக் கேட்டால் பலருக்கு அதுதான் பிழைபோலத் தோன்றும்.

ஒரு தொடரின் டைட்டில் ஏன் மாறுகிறது என்பது ஒரு கேள்வி. மாறிய வடிவங்களில் எது மக்கள் மனதில் தங்குகிறது என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு விடை பெரும்பாலும் ஒப்பந்தத்திலும் பட்ஜெட்டிலும் இருக்கும். இரண்டாவதைத் தீர்மானிப்பது மறுஒளிபரப்பு. ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டுகிற தொடர்.

சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1964 செப்டம்பர் 26 அன்று தொடங்கி 1967 ஏப்ரல் 17 வரை ஓடியது. மூன்று சீசன், 98 எபிசோட். முதல் சீசனின் 36 எபிசோடுகள் கறுப்பு வெள்ளை. அடுத்த இரண்டு சீசன்களின் 62 எபிசோடுகள் வண்ணம். கதை ஒற்றை வரி: மூன்று மணி நேர உல்லாசப் பயணத்துக்குக் கிளம்பிய சிறு படகு புயலில் சிக்கி ஆளில்லாத் தீவில் ஒதுங்குகிறது. அதிலிருந்து தப்ப வாராவாரம் ஒரு முயற்சி நடக்கும், வாராவாரம் அது சொதப்பும்.

இந்த ஒற்றை வரிதான் ஆரம்பத்தில் சிக்கலானது. தொடரை உருவாக்கிய ஷெர்வுட் ஷ்வார்ட்ஸிடம் சிபிஎஸ் தலைவர் ஜேம்ஸ் ஆப்ரி எழுப்பிய ஆட்சேபம் நியாயமானதுதான். ஏழு பேரும் யார், ஏன் இந்தத் தீவில் இருக்கிறார்கள் என்பதைப் புதிதாகப் பார்க்க வருகிறவருக்கு ஒவ்வொரு வாரமும் விளக்க வேண்டும். இருபத்தைந்து நிமிட நகைச்சுவையில் முன்கதைக்கு ஐந்து நிமிடம் போனால் சிரிப்புக்கு நேரம் ஏது? தொடரைத் தீவுக்கு வெளியே கொண்டுபோகலாமே என்பது ஆப்ரியின் பக்கம். ஷ்வார்ட்ஸ் கண்ட வழி, முன்கதையை முழுக்கப் பாட்டில் ஏற்றிவிடுவது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து வேஷங்களை அறிமுகம் செய்துவிட்டால் கதை நேராகத் தொடங்கிவிடும் அல்லவா, அந்த வேலையைப் பாட்டு செய்யும். டைட்டில் பாட்டு இல்லாமல் கில்லிகனின் எந்த எபிசோடையும் பார்த்துப் பாருங்கள். புதியவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அழகுக்கு ஒட்டவைத்த பாட்டு அல்ல அது, தொடரின் அஸ்திவாரம்.

முதலில் போட்ட மெட்டு இப்போது நாம் கேட்பது அல்ல. 1963 நவம்பரில் ஹவாயின் கவாய் தீவில் எடுத்த பைலட்டில், அதாவது சேனலுக்குக் காட்ட எடுத்த மாதிரி எபிசோடில், கரீபியத் தீவுகளின் கலிப்ஸோ பாணிப் பாட்டு இருந்தது. இசை ஜான் வில்லியம்ஸ், ஆமாம், பின்னாளில் ‘ஸ்டார் வார்ஸு’க்கு இசையமைத்த அதே வில்லியம்ஸ். அந்தப் பைலட்டில் புரொஃபசர் வேடத்திலும் இரண்டு இளம்பெண்கள் வேடத்திலும் வேறு நடிகர்கள். தொடர் உறுதியானதும் மூன்று பேரையும் மாற்றினார்கள். புரொஃபசராக ரசல் ஜான்சன், சினிமா நடிகையாக டினா லூயிஸ், மேரி ஆனாக டான் வெல்ஸ் வந்தார்கள். பாட்டும் மாறியது. ஜார்ஜ் வைலும் ஷ்வார்ட்ஸும் சேர்ந்து மாலுமிப் பாட்டு பாணியில் புதிதாக எழுதினார்கள். பழைய பைலட் பெட்டிக்குள் போய், 1992 வரை ஒளிபரப்பாகவே இல்லை.

புதுப் பாட்டின் கட்டுமானம் கவனிக்கத்தக்கது. கதை சொல்லும் பகுதி ஆங்கில நாட்டுப்புறக் கதைப்பாடலின் பழைய அளவில் அமைந்தது: ஒரு வரிக்கு நான்கு அழுத்தம், அடுத்த வரிக்கு மூன்று, மறுபடி நான்கு, மறுபடி மூன்று. ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டின் அளவும் இதுவே. ஒன்றின் சொற்களை மற்றொன்றின் மெட்டில் போட்டுப் பாடலாம், சிரமமில்லாமல் உட்காரும். இந்த அளவு எளிதில் மனப்பாடம் ஆகும் என்பதற்குப் பல நூற்றாண்டுகளாகச் சாட்சி இருக்கிறது. படகு தரைதட்டிய பிறகு ஆட்களை அடுக்கும் பகுதி வரும்போது இந்தச் சீர் உடைந்து, துண்டு துண்டான சொற்றொடர்களாக ஓடும். ஒவ்வொரு துண்டுக்கும் திரையில் ஒரு முகம், ஒரு பெயர்ப் பலகை. பாட்டும் படமும் ஒப்பந்தமும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கிற இடம் இது. பின்னாளில் சிக்கல் முளைத்ததும் இங்கேதான்.

அதற்கு முன் படத்தைப் பற்றிக் கொஞ்சம். முதல் சீசன் டைட்டிலில் படகு துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் காட்சி பைலட்டுக்காக ஹொனலுலுவில் எடுத்தது. பைலட் படப்பிடிப்பு முடியும் கட்டத்தில், 1963 நவம்பர் 22 அன்று, அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். துறைமுகக் காட்சி சில நாள் தள்ளிப்போனது. நாடு முழுக்க முப்பது நாள் துக்கம். அதனால் படகு கிளம்பும்போது பின்னணியில் அமெரிக்கக் கொடி அரைக்கம்பத்தில் தெரியும். உற்சாகமாகத் துள்ளுகிற பாட்டுக்கு நடுவே ஒரு தேசத்தின் துக்கம் ஓரமாகப் பதிவாகிக் கிடக்கிறது. யாரும் திட்டமிட்டதல்ல; மறுபடி எடுக்கப் பணமோ நேரமோ செலவிடவில்லை, அவ்வளவுதான். வண்ணத்துக்கு மாறியபோது கிளம்பும் காட்சியையும் புதிதாக எடுத்தார்கள். கொடி போய்விட்டது.

படகின் பெயர் மட்டும் எந்த வடிவத்திலும் மாறவில்லை: எஸ்.எஸ். மின்னோ. தொலைக்காட்சியை ஒழுங்குபடுத்தும் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தின் தலைவராக இருந்த நியூட்டன் மினோ, 1961 மே 9 அன்று தொலைக்காட்சி முதலாளிகளின் மாநாட்டிலேயே அவர்கள் தொழிலை ‘பரந்த பொட்டல்காடு’ என்று சாடினார். ஷ்வார்ட்ஸ் பதிலுக்கு அவர் பெயரைப் படகுக்கு வைத்துத் தரைதட்ட விட்டார். இதைவிட நீண்ட காலம் ஒளிபரப்பான பழிவாங்கல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இருக்குமா தெரியவில்லை.

இனி பெயர்ப் பலகைக்கு வருவோம். பார்க்கிறவருக்கு டைட்டில் ஒரு நிமிடப் பொழுதுபோக்கு; நடிகரின் ஏஜென்டுக்கு அது சட்ட ஆவணம். யார் பெயர் முதலில் வரும், யாருக்குத் தனிப் பலகை, யார் இன்னொருவரோடு பகிர வேண்டும், எழுத்தின் அளவு என்ன, பெயர் தொடக்கத்திலா இறுதியிலா என எல்லாம் கையெழுத்துக்கு முன் பேசி முடிவாகும். கடைசி இடம் தாழ்ந்த இடம் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் இடம் கிடைக்காத பெரிய நடிகர்கள் கேட்டு வாங்குவது கடைசி இடத்தைத்தான். அதுவும் ‘இவர்களுடன்’ என்ற முன்னொட்டோடு. டினா லூயிஸ் பெற்றது அதுதான். ஜிஞ்சர் என்ற சினிமா நடிகை வேடத்துக்கு வந்த அவருக்கு, தன் பெயருக்குப் பின் வேறு பெயர் வரக் கூடாது என்று ஒப்பந்தம். ஆகவே பாட்டும் அவரோடு நின்றாக வேண்டும். ஜான்சனும் டான் வெல்ஸும் எபிசோட் முடிந்த பின் ஓடும் பெயர்ப் பட்டியலுக்குப் போனார்கள். ஆனால் பாட்டின் மெட்டு ‘சினிமா நடிகை’யோடு முடியவில்லை, அதற்கப்புறமும் ஒரு துண்டு இடம் மீதம் இருக்கிறது. அந்த இடத்தை அடைத்த சொல்தான் ‘அண்ட் த ரெஸ்ட்’. அலட்சியத்தால் வந்த வரி அல்ல அது, ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்தைச் சுற்றிப்போக எழுதிய வரி.

அன்றைய நடிகர்களுக்குப் பெயர் இத்தனை முக்கியமாக இருந்ததற்குப் பணக் காரணமும் உண்டு. 1970களின் நடுப்பகுதிக்கு முன் போட்ட ஒப்பந்தங்களில், மறுஒளிபரப்புக்கான தொகை குறிப்பிட்ட சில முறைகளோடு நின்றுவிடும். அதன் பிறகு தொடர் ஆயிரம் முறை ஓடினாலும் நடிகர் கைக்கு ஒன்றும் வராது. மிஞ்சுவது முகமும் பெயரும். அதை வைத்துத்தான் அடுத்த வாய்ப்பு தேட வேண்டும். வாராவாரம் எல்லாரும் முணுமுணுக்கும் பாட்டில் ஒருவர் ‘புரொஃபசர்’ என்று அழைக்கப்படுவதற்கும் ‘மிச்சம்’ என்று அழைக்கப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் வெறும் மானப் பிரச்சினை இல்லை.

மாற்றத்துக்குக் காரணமானவர் கில்லிகனாக நடித்த பாப் டென்வர். பின்னாளில் அவர் சொல்லி வந்த விவரப்படி, மற்ற எல்லாரையும் போல ஏழில் இரண்டு பேர் இவர்கள், ஏன் விட்டீர்கள் என்று தயாரிப்புத் தரப்பிடம் கேட்டிருக்கிறார். முடியாது என்று பதில் வந்தது. நாயகனான அவருடைய ஒப்பந்தத்தில், தன் பெயரை டைட்டிலில் எங்கே வேண்டுமானாலும் போடச் சொல்லும் உரிமை இருந்தது. அப்படியானால் என் பெயரையும் எடுத்து அவர்களோடு கடைசியில் போடுங்கள் என்றார். நாயகன் பெயர் இல்லாமல் தொடங்கும் தொடரை எந்தச் சேனல் ஏற்கும்? வழிக்கு வந்தார்கள். இதை டென்வர் சக நடிகர்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தெரியவந்தது வெகு காலம் கழித்துத்தான். ஷரத்தை வைத்து வந்த சிக்கலை இன்னொரு ஷரத்தை வைத்தே அவிழ்த்தார் என்பதுதான் இதில் ரசிக்க வேண்டியது.

முடிவு எடுத்தால் போதாது, செய்தும் காட்ட வேண்டும். மூன்று சொல்லைத் திருத்த என்னென்ன தேவைப்படும் என்று பாருங்கள். குழுவாகப் பாடும் பாட்டில் நடுவே ஒரு துண்டை மட்டும் மாற்றி ஒட்டினால் குரல் தனியாகத் தெரியும். ஆகவே பாட்டை முழுதாக மறுபடி பாடிப் பதிய வேண்டும். புதுப் பெயர்ப் பலகை எழுதி, அதை ஓடும் படத்தின் மேல் ஆப்டிகல் பிரின்டர் என்ற படம் அச்சிடும் கருவியில் ஏற்றி, புது நெகட்டிவ் எடுக்க வேண்டும். ஒலியையும் படத்தையும் ஃபிரேம் கணக்கில் மறுபடி இணைக்க வேண்டும்; பெயர் கால் நொடி முந்தினாலும் பிந்தினாலும் வேறொரு முகத்தின் மேல் விழும். சாதாரண நேரத்தில் இதற்குப் பட்ஜெட் கிடைக்காது. வண்ணத்துக்கு மாறுவதால் டைட்டிலை எப்படியும் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவோடு செலவாக இதுவும் நடந்துவிட்டது. முதல் சீசனில் பாடியவர்கள் ‘த வெல்லிங்டன்ஸ்’ குழு. புதுப் பதிவில் பாடியவர்கள் ‘தி எலிஜிபிள்ஸ்’.

மெட்டில் என்ன ஆனது என்பதைக் காதால் அளந்துவிடலாம். ‘அண்ட் த ரெஸ்ட்’ ஆங்கில உச்சரிப்பில் மூன்று அசை. ‘த புரொஃபசர் அண்ட் மேரி ஆன்’ எட்டு அசை. பழைய வடிவத்தில் அந்த இடம் காற்றோட்டமாக இருக்கும். வரி சட்டென்று முடிந்து மூச்சு விடும். புதிய வடிவத்தில் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடி, ‘ஆன்’ என்ற இடத்தில்தான் நிற்கும். பாட்டின் உச்சமாகப் பலர் நினைக்கும் ஓட்டம் இந்த நெருக்கடியால் விளைந்ததுதான். பழையதை முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு ஏதோ ஒரு படி குறைவதுபோல் இருப்பதும் இதனால்தான். என் கணிப்பில் புதிய வடிவமே நல்ல பாட்டு. திருத்தம் மூலத்தை மிஞ்சிவிட்ட அபூர்வச் சந்தர்ப்பம்.

ஆனாலும் நல்லது என்பதால் மட்டும் அது நிலைத்துவிடவில்லை. தொடர் நின்ற பிறகு உள்ளூர் நிலையங்கள் எபிசோடுகளைக் கட்டாக வாங்கி, பள்ளி விட்டு வரும் நேரத்தில் வாரத்துக்கு ஐந்து நாள் ஓட்டின. கணக்குப் போடுங்கள். 98 எபிசோடையும் நாளுக்கு ஒன்றாக ஓட்டினால் இருபது வாரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். அதில் 62 முறை காதில் விழுவது புது வடிவம், 36 முறை பழையது. வண்ணப் பெட்டி வீட்டுக்கு வீடு வந்துவிட்ட 1970களில், கறுப்பு வெள்ளை எபிசோடுகளை ஒதுக்கிவிட்டு வண்ணத்தை மட்டும் ஓட்டும் நிலையத்தில் சுற்று பன்னிரண்டு வாரம் சொச்சம்தான். பழைய வடிவம் காதில் விழவே வழியில்லை. வாரம் ஒரு முறை பார்த்த 1964ஆம் ஆண்டு நேயர் ஒரு சீசனில் கேட்டதை, மறுஒளிபரப்புக் காலத்துச் சிறுவர் ஏழே வாரத்தில் கேட்டுவிடுவார். ஏக்கம் அசலைத் தேடிப் போவதில்லை, எது அதிகம் ஓடியதோ அதைப் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு இன்னும் பளிச்சென்ற உதாரணம் ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடர். பளபளக்கும் சாட்டின் துணியின் மேல் இதய வடிவம், அதற்குள் தொடரின் பெயர்: இதுதான் டைட்டில் என்று உலகமே நம்புகிறது. 1951 அக்டோபர் 15 அன்று தொடர் தொடங்கியபோது அது கிடையாது. தொடரில் தம்பதியாக நடித்த லூசியும் டெசியும் கோட்டோவிய பொம்மைகளாக வந்து, ஸ்பான்சரான ஃபிலிப் மாரிஸ் சிகரெட் பாக்கெட்டோடு விளையாடும் கார்ட்டூன்தான் அசல் டைட்டில். ஸ்பான்சர் போன பிறகு அந்த விளம்பரத்தை இலவசமாக ஓட்ட யார் சம்மதிப்பார்கள்? மறுஒளிபரப்புக்காக இதயத்தைச் செய்து ஒட்டினார்கள். 1971 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரமே தடையானதும், பழைய டைட்டில் திரும்பி வர இருந்த கதவும் சாத்தப்பட்டது. டிவிடி காலத்தில்தான் கோட்டோவியங்கள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. அசலைப் பார்த்த ரசிகர்கள் பலருக்கு அது அந்நியமாகத்தான் பட்டது.

‘மேரி டைலர் மூர் ஷோ’ வேறு வகை. 1970 செப்டம்பர் முதல் 1977 மார்ச் வரை ஓடிய இந்தத் தொடரில் மாற்றம் கதைக்காகவே நடந்தது. சோனி கர்ட்டிஸ் எழுதிப் பாடிய பாட்டு, முதல் சீசனில் தனியாக நகரத்துக்கு வரும் பெண்ணிடம் நீ எப்படிச் சமாளிக்கப் போகிறாய் என்று கேட்கும். கடைசியில் ஒருவேளை ஜெயித்தாலும் ஜெயிப்பாய் என்று இழுக்கும். இரண்டாவது சீசனிலிருந்து கேள்வியே கிடையாது. புன்னகையால் உலகையே மலர வைப்பவள் யார் என்று தொடங்கி, நீ ஜெயித்தே தீருவாய் என்று அடித்துச் சொல்லும். படமும் கூடவே புதுப்பிக்கப்பட்டது. நாயகி மேரி சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சிப் பொட்டலத்தின் விலையைப் பார்த்துக் கண்ணை உருட்டிவிட்டு வண்டியில் வீசுகிற காட்சி பின்னால் சேர்ந்தது. 70களின் விலைவாசியை அனுபவித்தவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படாது. மினியாபொலிஸின் நிக்கொலட் மாலில் அவர் தொப்பியை மேலே வீசி, அது காற்றில் உறைந்து நிற்கும் கடைசி ஃபிரேம் மட்டும் ஏழு சீசனிலும் தங்கிவிட்டது. 2002ல் அந்தத் தெருவிலேயே சிலையும் வைத்தார்கள்.

ஷ்வார்ட்ஸ் தன் அடுத்த வெற்றியான ‘த பிரேடி பஞ்ச்’ தொடரில் (1969–74) அதே உத்தியை மறுபடி கையாண்டார்: முன்கதை முழுக்கப் பாட்டில். ஆனால் படத்தை மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டங்களாகப் பிரித்தார். வீட்டில் இருப்பவர்கள் பணிப்பெண் ஆலிஸையும் சேர்த்து ஒன்பது பேர். ஒரு கட்டம்கூட மிச்சமில்லை, ஒரு ஆளும் மிச்சமில்லை. முதல் சீசனில் வெளிக் குழு பாடியது. இரண்டாவதிலிருந்து நடித்த பிள்ளைகளே பாடினார்கள். பிள்ளைகள் வளர வளரக் கட்டத்துக்குள் இருக்கும் முகங்களையும் மாற்ற வேண்டியிருந்தது. பெரியவர்கள் மட்டும் நடிக்கும் தொடருக்கு இல்லாத செலவு இது.

கில்லிகனுக்குத் திரும்பினால், கையில் கிடைக்கும் பிரதி எந்த வடிவம் என்று கண்டுபிடிக்க நினைப்பவர்கள் வண்ணத்தை மட்டும் நம்பி ஏமாறுகிறார்கள். முதல் சீசனுக்குப் பின்னாளில் செயற்கையாக வண்ணம் ஏற்றிய பிரதிகளும் ஓடியிருக்கின்றன. அரைக்கம்பக் கொடியைத் தேடலாம். மங்கிய பிரதியிலும் சிறிய திரையிலும் அது பிடிபடாது. நிலையங்கள் விளம்பர நேரத்துக்காகக் கத்தரி போடும்போது முதலில் கை வைப்பது டைட்டிலிலும் இறுதிப் பெயர்ப் பட்டியலிலும்தான். அன்று இருபத்தைந்து நிமிடத்துக்கு எடுத்ததை இன்று இருபத்திரண்டில் அடைத்தாக வேண்டுமே. ஆகவே பாட்டு பாதியில் வெட்டுப்பட்டிருக்கலாம். நம்பகமான சோதனை காதுதான்: ஆட்களை அடுக்கும் இடத்தில் மூன்று அசையா, எட்டா? பாட்டே இல்லையென்றால் இறுதிப் பட்டியலைப் பாருங்கள். ஜான்சனும் டான் வெல்ஸும் அங்கே மட்டும் தனியாக வந்தால் அது முதல் சீசன்.

குரலை வைத்தும் பிரிக்கலாம். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. 1965 டிசம்பரில் வந்த ஓர் எபிசோடில் ‘மஸ்கிட்டோஸ்’ என்ற ராக் இசைக்குழு தீவுக்கு வரும். நால்வரில் மூவராக நடித்தவர்கள் வெல்லிங்டன்ஸ், அதாவது முதல் சீசன் பாட்டைப் பாடியவர்கள். திரையில் அவர்களைப் பார்த்துவிட்டு, டைட்டிலிலும் அவர்கள் குரல்தான் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அது இரண்டாவது சீசன் எபிசோட். தொடக்கத்தில் புரொஃபசரையும் மேரி ஆனையும் பெயர் சொல்லிப் பாடுகிறவர்கள் எலிஜிபிள்ஸ்.